பழைய சக்கரங்களைப் புதிய பிக்கப் வண்டியில் பொருத்துதல்

பழைய சக்கரங்களைப் புதிய பிக்கப் வண்டியில் பொருத்துதல் என்பது, ஒரு வண்டியிலிருந்து கழற்றிய சக்கரத்தை டயரோடு சேர்த்தோ தனியாகவோ, பின்னாளில் வெளிவந்த வேறொரு பிக்கப் வண்டியில் மாட்டிப் பயன்படுத்துவதாகும். கனடா போன்ற குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்கென்று தனியாக நான்கு சக்கரங்களை வைத்திருப்போர் வண்டியை மாற்றும்போது, பழைய பனிக்காலச் சக்கரங்கள் புதிய வண்டிக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுகிறது. தமிழ்நாட்டில் பனிக்காலச் சக்கரம் என்ற ஒன்று தேவைப்படுவதில்லை. ஆயினும் ஸ்டெப்னிக்காகவும், வளைந்துபோன சக்கரத்துக்கு மாற்றாகவும், செலவைக் குறைக்கவும் பழைய சக்கரங்களை வாங்கி மாட்டும் வழக்கம் இங்கும் பரவலாக உள்ளது.

இரண்டு சக்கரங்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதாலோ, நட்டுகள் ஏறிவிடுவதாலோ சக்கரம் பொருந்திவிட்டதாகக் கொள்ள முடியாது. துளைகளின் எண்ணிக்கை, துளைவட்ட விட்டம், நடுத்துளை, நட்டு உட்காரும் வடிவம், ஆஃப்செட், பிரேக் இடைவெளி, டயரின் அளவு, எடை தாங்கும் திறன் ஆகிய எட்டும் ஒத்துவர வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் சுமையேற்றிய வண்டியில் நட்டு தளர்வது, ஸ்டட் முறிவது, டயர் வெடிப்பது போன்ற விபத்துகள் நேரக்கூடும்.

பின்னணி

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி இந்தியாவின் முதன்மையான வாகன உற்பத்தி மையங்களுள் ஒன்றாகும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார்களைத் தயாரித்து வருகிறது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டுத் தொழிற்சாலை 2010இலும், பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர் தொழிற்சாலை 2012இலும் தொடங்கப்பட்டன. அப்பல்லோ, ஜே.கே., சியட் ஆகிய டயர் நிறுவனங்களுக்கு இப்பகுதியில் ஆலைகள் உள்ளன. 1960இல் தொடங்கப்பட்டு சென்னைப் பாடியில் இரும்புச் சக்கரங்களைத் தயாரித்துவரும் வீல்ஸ் இந்தியா நிறுவனத்துக்கும் ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஆலை உண்டு. வாகனங்களையும் உறுப்புகளையும் சோதிக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் ஒரகடத்திலேயே அமைந்துள்ளது.

இத்தொழிற்சாலைகளுக்கு இடையே உதிரிப் பாகங்களையும் உணவையும் தொழிலாளர்களின் வீட்டுச் சாமான்களையும் ஏற்றிச் செல்பவை பெரும்பாலும் சிறு சரக்கு வண்டிகளே. 'குட்டி யானை' என்று மக்கள் அழைக்கும் டாடா ஏஸ் (2005), அசோக் லேலண்டின் தோஸ்த் (2011), மகிந்திரா பொலேரோ பிக்கப் ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றில் பல, கடன் வாங்கி வண்டி எடுத்த ஓட்டுநர்களுக்கே சொந்தமானவை. வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். ஆகவே ஒரு சக்கரம் கெட்டால், சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிப் பாகச் சந்தைகளில் விலை குறைந்த சக்கரத்தைத் தேடுவது இயல்பாகிறது.

சக்கரம் வண்டியோடு சேரும் முறை

துளைகளும் துளைவட்ட விட்டமும்

சக்கரத்தை ஹப்புடன் பிணைக்கும் ஸ்டட்டுகள் அல்லது போல்ட்டுகள் ஒரு வட்டத்தின் மீது சம இடைவெளியில் அமைந்திருக்கும். அவ்வட்டத்தின் விட்டமே துளைவட்ட விட்டம் ஆகும். கடைகளில் இதைப் 'பி.சி.டி.' என்பர். '6 × 139.7' என்றால் ஆறு துளைகள், 139.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் என்று பொருள்.

நான்கு அல்லது ஆறு துளைகள் இருந்தால், நேரெதிரான இரு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தொலைவே இவ்விட்டம். ஐந்து துளைகள் இருந்தால் எந்தத் துளைக்கும் நேரெதிரில் மற்றொரு துளை இராது. அப்போது அடுத்தடுத்த இரு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தொலைவை அளந்து 1.701 ஆல் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அத்தொலைவு 82.1 மில்லிமீட்டர் எனில் விட்டம் 139.7 மில்லிமீட்டர் ஆகும், 67.2 மில்லிமீட்டர் எனில் 114.3 ஆகும்.

ஒரே தொழிற்பகுதியில் தயாராகும் வண்டிகளிலும் இந்த அளவு வேறுபடுகிறது. ஹூண்டாயின் ஐ20 காரில் நான்கு துளைகளும் கிரெட்டாவில் ஐந்து துளைகளும் உள்ளன. ரெனோவின் க்விட் கார் மூன்று துளைகளுடன் வந்தது. நான்கு துளைச் சக்கரங்களுள்ளும் விட்டம் 100, 108, 114.3 என வேறுபடும். 108 மில்லிமீட்டர் சக்கரத்தை 110 மில்லிமீட்டர் ஹப்பில் நட்டை இறுக்கி ஏற்றிவிட முடியும் என்பது ஆபத்தான எண்ணமாகும். அவ்வாறு ஏற்றினால் ஸ்டட்டுகள் சாய்ந்து நிற்கும். ஓட்டத்தில் வளைந்து வளைந்து இறுதியில் முறியும்.

நடுத்துளை

சக்கரத்தின் நடுவிலுள்ள பெரிய துளை ஹப்பின் மேட்டில் உட்காரும். இது சக்கரத்தைச் சரியான மையத்தில் நிறுத்துகிறது. சக்கரத்தின் நடுத்துளை ஹப்பைவிடச் சிறியதாக இருந்தால் சக்கரம் ஏறாது. பெரியதாக இருந்தால் ஏறிவிடும். ஆனால் மையம் தவறக்கூடும்.

6 × 139.7 என்ற ஒரே அளவைக் கொண்ட வண்டிகளை ஒப்பிட்டால் இது விளங்கும். இசுசு டி-மாக்ஸின் நடுத்துளை ஏறத்தாழ 100.1 மில்லிமீட்டர். டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் ஆகியவற்றில் அது 106.1. சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எண்டெவரில் 93.1. மிட்சுபிசி பஜேரோவில் 67.1. ஆகவே எண்டெவரின் பழைய சக்கரம் டி-மாக்ஸ் ஹப்பில் ஏறாது. ஃபார்ச்சூனரின் சக்கரம் ஏறும். ஆனால் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். அந்த இடைவெளியை உரிய அளவுள்ள மைய வளையம் கொண்டு நிரப்பாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். நடுத்துளையைக் கடைசலில் பெரிதாக்கும் வழக்கமும் உண்டு. இது சக்கரத்தின் வலுவைக் குறைப்பதால் தவிர்க்கத்தக்கது.

ஸ்டட்டும் நட்டும்

ஸ்டட்டின் தடிமனும் மரைகளின் இடைவெளியும் சேர்ந்தே அதன் அளவு குறிக்கப்படுகிறது. எம்12 × 1.5 என்றால் 12 மில்லிமீட்டர் தடிமன், ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் முன்னேற்றம். மரை பொருந்தாத நட்டும் முதல் ஒன்றிரண்டு சுற்றுகள் கையால் ஏறிவிடும். அதன்பின் ஸ்பேனரால் இறுக்கினால் மரை அழியும். நட்டு ஸ்டட்டின் தடிமன் அளவுக்கேனும் மரையில் இறங்கியிருக்க வேண்டும் என்பது பொது விதி. எம்12 × 1.5 ஸ்டட்டில் இது 8 முழுச் சுற்றுகளாகும். இரும்புச் சக்கரத்துக்குப் பதில் தடித்த அலாய் சக்கரத்தைப் பொருத்தும்போது ஸ்டட்டின் நீளம் போதாமல் இக்கணக்குக் குறைந்துவிடுவது உண்டு.

நட்டு சக்கரத்தில் உட்காரும் பரப்பும் முக்கியமானது. கூம்பு வடிவம், உருண்டை வடிவம், வாஷருடன் கூடிய தட்டை வடிவம் என மூன்று வகைகள் உள்ளன. டொயோட்டாவின் பல வண்டிகளில் அலாய் சக்கரத்துக்குத் தட்டை நட்டும் இரும்புச் சக்கரத்துக்குக் கூம்பு நட்டும் பயன்படுகின்றன. கூம்புத் துளையில் தட்டை நட்டைப் போட்டால், இறுக்கியதுபோல் தோன்றினாலும் மிகக் குறைந்த பரப்பே தொட்டுக்கொண்டிருக்கும். சில நூறு கிலோமீட்டரில் அது தளரும். ஆகவே பழைய சக்கரத்தை வாங்கும்போது அதற்குரிய நட்டுகளையும் கேட்டு வாங்குவது நல்லது. அந்த நட்டுகளின் மரை புதிய வண்டியின் ஸ்டட்டுக்கு ஒத்துவருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆஃப்செட்

சக்கரத்தின் அகலத்தில் நடுக்கோட்டுக்கும், ஹப்பில் படியும் பரப்புக்கும் உள்ள தொலைவே ஆஃப்செட் ஆகும். இது சக்கரத்தில் 'ஈ.டி.' என்ற குறியுடன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

எடுத்துக்காட்டாக, 7 அங்குல அகலமும் ஆஃப்செட் 38உம் உள்ள சக்கரத்துக்குப் பதில் 8 அங்குல அகலமும் ஆஃப்செட் 20உம் உள்ள சக்கரத்தை மாட்டுவதாகக் கொள்வோம். 7 அங்குலத்தின் பாதி 88.9, அதில் 38ஐக் கழித்தால் வெளிப்புறம் 50.9 மில்லிமீட்டர். 8 அங்குலத்தின் பாதி 101.6, அதில் 20ஐக் கழித்தால் 81.6 மில்லிமீட்டர். புதிய சக்கரம் ஏறத்தாழ 31 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். இதனால் டயர் மட்கார்டில் உரசலாம். சேறும் கல்லும் பக்கத்தில் வருவோர் மீது தெறிக்கும். வீல் பேரிங்கில் கூடுதல் பளு விழுந்து அது விரைவில் தேயும். மாறாக ஆஃப்செட் மிக அதிகமாக இருந்தால் டயரின் உட்புறம் சஸ்பென்சன் உறுப்புகளில் உரசும்.

பிரேக் இடைவெளி

புதிய வண்டிகளில் பிரேக் டிஸ்க்குகள் பெரிதாகி வருகின்றன. பழைய வண்டியின் 15 அங்குலச் சக்கரம், புதிய வண்டியின் பிரேக் காலிப்பரில் முட்டக்கூடும். இதனைக் காகிதக் கணக்கால் மட்டும் அறிய முடியாது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மாட்டி, நட்டுகளை இறுக்கியபின் கையால் மெதுவாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். சக்கரத்தின் உட்புறம் ஒட்டியுள்ள சமநிலை ஈயத் துண்டும் காலிப்பரில் படாமல் இருத்தல் அவசியம்.

டயரின் அளவு

விட்டம்

245/70 ஆர்16 என்ற அளவில் 245 என்பது டயரின் அகலம் (மில்லிமீட்டரில்), 70 என்பது அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு, 16 என்பது சக்கரத்தின் விட்டம் (அங்குலத்தில்). இதிலிருந்து டயரின் முழு விட்டத்தைக் கணக்கிடலாம். 16 × 25.4 = 406.4, 245இல் 70 விழுக்காடு 171.5, அதன் இருமடங்கு 343, கூட்டினால் 749.4 மில்லிமீட்டர்.

சக்கரம் சிறியதாக இருந்தாலும் டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால் முழு விட்டம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். 265/65 ஆர்17, 265/60 ஆர்18 ஆகிய இரு அளவுகளும் இந்தியாவில் விற்கப்பட்ட ஹைலக்ஸ் வண்டியில் வந்தவை. முதலாவதன் விட்டம் 776.3, இரண்டாவதன் விட்டம் 775.2 மில்லிமீட்டர். வேறுபாடு ஒரு மில்லிமீட்டர் அளவே. டி-மாக்ஸ் வகைகளில் வரும் 245/70 ஆர்16, 255/60 ஆர்18 ஆகியவற்றுக்கு இடையே 13.8 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 1.8 விழுக்காடு வேறுபாடு உண்டு. தயாரிப்பாளர் கூறிய விட்டத்தைவிடப் பெரிய டயரை மாட்டினால் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன்னும் பின்னும் வெவ்வேறு விட்டமுள்ள டயர்களை மாட்டுவது கியர் அமைப்பையே கெடுக்கும்.

எடை தாங்கும் எண்

சரக்கு வண்டியைப் பொறுத்தவரை மிகுந்த கவனத்துக்குரியது இதுவே. டயரில் அளவை அடுத்து வரும் எண், ஒரு டயர் தாங்கக்கூடிய எடையைக் குறிக்கும் குறியீடாகும். 86 என்றால் 530 கிலோ, 95 என்றால் 690 கிலோ, 102 என்றால் 850 கிலோ, 106 என்றால் 950 கிலோ.

14 அங்குலச் சக்கரத்தில் 185/65 ஆர்14 என்ற கார் டயரும் ஏறும், 185 ஆர்14 என்ற சிறு சரக்கு வண்டி டயரும் ஏறும். முதலாவதன் எடை எண் பொதுவாக 86. பின்னச்சில் இரண்டு டயர்களும் சேர்ந்து 1,060 கிலோ தாங்கும். இரண்டாவதன் எண் 102. இரண்டும் சேர்ந்து 1,700 கிலோ தாங்கும். வேறுபாடு 640 கிலோ. பிக்கப் வண்டியில் ஏற்றும் சுமையின் பெரும்பகுதி பின்னச்சிலேயே இறங்குவதால், கார் டயருள்ள பழைய சக்கரத்தைப் பின்னால் மாட்டிச் சுமையேற்றுவது டயர் வெடிப்பை வரவழைப்பதாகும். தமிழ்நாட்டின் கோடை வெயிலில் தார்ச்சாலையின் சூடும் சேரும்போது இவ்வாபத்து மேலும் கூடுகிறது.

தோஸ்த் வண்டி 14 அங்குலச் சக்கரத்துடன் வந்தது. அதன்பின் கூடுதல் சுமைக்கென வெளிவந்த தோஸ்த் பிளஸ் 15 அங்குலச் சக்கரம் கொண்டது. பெயரில் ஒற்றுமை இருப்பினும் பழைய சக்கரத்தைப் புதிய வண்டியில் மாட்டுவது, அவ்வண்டிக்கு அளிக்கப்பட்ட கூடுதல் சுமைத் திறனை விட்டுக்கொடுப்பதற்குச் சமம். டயர் மட்டுமன்றிச் சக்கரத்துக்கும் தனியே எடை வரம்பு உண்டு என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

வயது

டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகிப்போகும். ஆகவே பட்டன் தேயவில்லை என்பதால் மட்டும் பழைய டயரை நல்லதெனக் கொள்ளலாகாது. பத்து ஆண்டுகளைக் கடந்த டயரைத் தோற்றம் எப்படியிருப்பினும் பயன்படுத்த வேண்டாம் எனத் தயாரிப்பாளர்கள் பலர் அறிவுறுத்துகின்றனர்.

ஒரே பெயர், வேறு சக்கரம்

பெயர் மாறாமல் தலைமுறை மாறும்போது சக்கர அளவுகள் மாறிய பிக்கப் வண்டிகள் பல.

• நிசான் நவாரா: பழைய டி22 தலைமுறையில் 6 × 139.7, 2005க்குப் பிந்தைய டி40 தலைமுறையில் 6 × 114.3.
• ஃபோர்டு எஃப்-150: 2003 வரை 5 × 135, 2004 முதல் 6 × 135. 2015இல் துளைவட்டம் மாறவில்லை. ஆனால் ஸ்டட்டின் மரை எம்14 × 2.0 என்பதிலிருந்து எம்14 × 1.5 ஆனது. எனவே பழைய சக்கரம் ஏறும், பழைய நட்டு ஏறாது.
• ராம் 1500: 2019இல் வந்த புதிய தலைமுறையில் 5 × 139.7 என்பது 6 × 139.7 ஆனது.
• டொயோட்டா டன்ட்ரா: 5 × 150 என்பது 2022இல் 6 × 139.7 ஆனது.

பனிக்காலச் சக்கரங்கள்

வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே செல்லும்போது சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கிறது. பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும். மூன்று சிகரங்களுள்ள மலையும் அதனுள் பனித்துகளும் கொண்ட குறி இத்தகைய டயரை அடையாளம் காட்டுகிறது. தமிழர் கணிசமாக வாழும் மொண்ட்ரியால் நகரம் அமைந்த கியூபெக் மாகாணத்தில், பயணிகள் வாகனங்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். டொராண்டோ அமைந்த ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் பனிக்கால டயர் மாட்டுவோருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகை உண்டு.

ஆண்டுதோறும் டயரைச் சக்கரத்திலிருந்து பிரித்து மாட்டுவதைத் தவிர்க்க, தனி இரும்புச் சக்கரங்களில் பனிக்கால டயர்களை ஏற்றி வைத்துக்கொள்வர். இவற்றைப் புதிய வண்டிக்கு மாற்றும்போது மேற்கூறியவற்றுடன் டயர் அழுத்த உணரியையும் கவனிக்க வேண்டும். பழைய சக்கரத்தில் உணரி இல்லாவிட்டால் புதிய வண்டியின் எச்சரிக்கை விளக்கு அணையாது. உணரி இருந்தாலும் அது 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கலாம்; வண்டியின் அலைவரிசையோடு ஒத்திருந்தால்தான் பயன்படும். விளக்கு எப்போதும் எரிவதற்குப் பழகிவிட்ட ஓட்டுநர், உண்மையில் காற்று இறங்கும் நாளில் அதைக் கவனிக்கமாட்டார் என்பதே இதிலுள்ள கேடு.

இந்தியாவில் சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டில் திருத்தியமைக்கப்பட்ட 182அ பிரிவு, விதிக்குப் புறம்பான மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்கிறது. தயாரிப்பாளர் அவ்வண்டிக்குக் குறிப்பிட்ட அளவிலேயே பழைய சக்கரத்தை மாட்டுவது மாற்றமாகாது.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94ஆம் விதிப்படி, இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகள் தவிர்த்த பிறவற்றில் டயர் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இந்தியாவில் விற்கப்படும் டயர்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். விபத்துக்குப்பின், அளவு மாறிய சக்கரத்தைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கேள்விக்குள்ளாக்க இடமுண்டு.

வாங்கும்போதும் பொருத்தும்போதும் கவனிக்க வேண்டியவை

1. ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ உள்ள டயர் அளவையும் காற்றழுத்தத்தையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.
2. பழைய சக்கரத்தின் நட்டுத் துளைகள் வட்டமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். நீள்வட்டமாகத் தேய்ந்த துளை, தளர்ந்த நட்டுடன் அச்சக்கரம் ஓடியதைக் காட்டுகிறது. அத்தகைய சக்கரத்தை வாங்கலாகாது.
3. துளைகளைச் சுற்றிலும் நூல் போன்ற வெடிப்பு, பற்றவைத்த தடம் ஆகியவை உண்டா என ஆராய வேண்டும். புதிதாக அடித்த பெயின்ட் இவற்றை மறைத்திருக்கக்கூடும்.
4. ஹப்பில் படியும் பரப்பிலும் நட்டு உட்காரும் இடத்திலும் உள்ள துருவையும் தடித்த பெயின்ட்டையும் சுரண்டி நீக்க வேண்டும். இடையில் நிற்கும் பெயின்ட் நாளடைவில் நசுங்கி நட்டைத் தளரச் செய்யும்.
5. நட்டுகளை முதலில் கையால் ஏற்றி, பின்னர் எதிரெதிராக இறுக்க வேண்டும். மரையில் எண்ணெய் தடவலாகாது. இறுதி இறுக்கத்தை முறுக்குவிசை ஸ்பேனரால், கையேட்டில் கண்ட அளவுக்குச் செய்ய வேண்டும். ஸ்பேனர் மீது ஏறி மிதிப்பது ஸ்டட்டை இழுத்து வலுவிழக்கச் செய்யும்.
6. ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, டயர் எங்கும் உரசவில்லை என உறுதிசெய்ய வேண்டும். பின்பு சுமையேற்றியும் ஒருமுறை பார்க்க வேண்டும்.
7. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் சோதிக்க வேண்டும்.

பொருந்தாத துளைவட்டத்தைப் பொருத்தவைக்க விற்கப்படும் இடைத்தகடுகள் சக்கரத்தை வெளியே தள்ளிப் பேரிங்கின் பளுவைக் கூட்டுகின்றன. பிணைப்பு இடங்களும் இரட்டிப்பாகின்றன. சுமை வண்டிகளில் இவற்றைப் பயன்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பானது. அளவு ஐயத்துக்குரியதாக இருக்கும் பழைய சக்கரத்தை விட, தயாரிப்பாளரின் அளவிலுள்ள புதிய சாதாரண இரும்புச் சக்கரம் ஒன்றை வாங்குவதே சிறு வண்டி உரிமையாளருக்கு இறுதியில் செலவு குறைந்த வழியாக அமைகிறது.